மூத்த வீரரை எந்த மாதம், என்ன விலைக்கு வாங்குவது?

டாலஸ் நகருக்கு அருகே வசிக்கும் வாசகர் ஒருவர் தம்முடைய டைனஸ்டி அணியைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய லீக்கில் தமிழ் படிப்பவர்கள் மேலும் சிலர் உண்டு. அதனால் அவர் பேரம் பேசிக்கொண்டிருக்கும் வீரர்களின் பெயர்களையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அலுவலக நண்பர்கள் 12 பேர் நடத்தும் ஃபேன்டஸி கால்பந்து லீக் அது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் வீரர்கள் களத்தில் எடுக்கும் யார்டும், பிடிக்கும் பந்தும், எல்லைக்கோட்டுக்குப் பந்தைக் கொண்டுசேர்த்துப் போடும் டச்டவுனும் இவர்களுடைய அணிகளுக்குப் புள்ளிகளாகும். சாதாரண லீக்கில் ஆண்டுதோறும் அணியைக் கலைத்துப் புதிதாக எடுப்பார்கள். டைனஸ்டியில் வீரர்கள் உங்களிடமே தொடர்வார்கள். கல்லூரியிலிருந்து புதிதாக வரும் ரூக்கிகளை மட்டும் மே மாதத்தில் முறைவைத்து எடுப்பார்கள். இதுதான் ரூக்கி டிராஃப்ட். அதில் ஒருவருக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும் பெயர் பிக். இந்த ஆண்டின் பிக்கையும், வரும் ஆண்டுகளின் பிக்கையும்கூட விற்கலாம், வாங்கலாம்.

வாசகரின் அணி கடந்த சீசனில் மொத்தப் புள்ளிகளில் மூன்றாவதாக வந்து, அரையிறுதியில் ஆறு புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருக்கிறது. பந்தை வீசும் குவாட்டர்பேக்குக்கு 25 வயது, அதைப் பிடிக்கும் முக்கியமான இரண்டு ரிசீவர்களுக்கும் 24. பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குகளில் இரண்டாமவரும் மூன்றாவது ரிசீவரும் பலவீனம். சூப்பர்ஃப்ளெக்ஸ் இடத்தில், அதாவது இரண்டாவது குவாட்டர்பேக்கை இறக்கக்கூடிய இடத்தில், சொல்லிக்கொள்ளும்படி ஆள் இல்லை. கையில் முதல் சுற்றின் நான்காவது பிக்கும் ஒன்பதாவது பிக்கும் இருக்கின்றன.

மூன்று பேரங்கள் நடக்கின்றன. 31 வயது ரிசீவருக்கு ஒன்பதாவது பிக்கைக் கேட்கிறார் ஒருவர். 37 வயது குவாட்டர்பேக்குக்கு நான்காவது பிக்கைக் கேட்கிறார் இன்னொருவர். மூன்றாவது பேரம், அண்மையில் குழந்தை பிறந்து லீக்கைக் கவனிக்க நேரமில்லாமல் இருக்கும் நெருங்கிய நண்பருடன். அவரிடம் இருக்கும் 30 வயது ரன்னிங் பேக்குக்கு அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக் விலை. அல்லது, ஒரு சீசனுக்கு மட்டும் சும்மா வாங்கிக்கொண்டு ஜனவரியில் திருப்பித் தந்துவிடலாம் என்று இருவரும் வாய்மொழியாகப் பேசியிருக்கிறார்கள்.

வாசகரின் கவலையை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்: “முப்பதைத் தாண்டியவருக்கு மறுவிற்பனை மதிப்பே இல்லை. வீரர்களின் மதிப்பைக் காட்டும் இணையக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் மூன்றிலுமே எனக்குத்தான் நஷ்டம். ஆகஸ்ட் வரை பொறுத்திருந்தால் யார் உடல் தகுதியோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் அல்லவா? லீக்கை நடத்தும் கமிஷனர் பரிமாற்றத்தை ரத்து செய்துவிடுவாரோ என்ற பயமும் இருக்கிறது.”

அன்புள்ள நண்பருக்கு,

டைனஸ்டி அணிகளுக்கு ஆலோசனை சொல்வதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அணி மூத்த வீரர்களை வாங்க வேண்டிய கட்டத்தில்தான் இருக்கிறது. பட்டியலின் அடிமட்டத்தில் இருக்கும் அணி 31 வயது ரிசீவரை வாங்கினால் பணத்தையும் காலத்தையும் வீணாக்குகிறது என்பேன். அரையிறுதியில் ஆறு புள்ளியில் தோற்ற அணிக்கு அந்தக் கணக்கு வேறு. உங்களுடைய மூன்றாவது ரிசீவர் இடத்தில் வாரத்துக்கு ஏழு புள்ளியே வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பேரத்தில் இருப்பவர் சராசரியாகப் பதினான்கு எடுத்தவர். இந்த ஒரு மாற்றமே அந்த அரையிறுதியைத் திருப்பியிருக்கும்.

கால்குலேட்டர் காட்டும் நஷ்டம்

நீங்கள் பார்க்கும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? கீப்டிரேட்கட் போன்ற தளத்தில் மூன்று வீரர்களைக் காட்டி, யாரை வைத்துக்கொள்வீர்கள், யாரை விற்பீர்கள், யாரைக் கழற்றிவிடுவீர்கள் என்று கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் சொல்லும் பதில்களைத் திரட்டி ஒரு மதிப்பு தருகிறார்கள். அது இன்றைய சந்தை விலை. அடுத்த டிசம்பரில் அந்த வீரர் உங்களுக்கு எத்தனை புள்ளி எடுத்துத் தருவார் என்பதை அது அளப்பதே இல்லை. வயது ஏற ஏற விலை இறங்கும். ஆனால் புள்ளிகள் அதே வேகத்தில் இறங்குவதில்லை. மூத்த வீரரை வாங்குபவருக்குக் கிடைக்கும் லாபம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கறவை மாடு தேடுபவர் பாலைத்தான் பார்ப்பார். நாளைக்குச் சந்தையில் கன்று விலை போகுமா என்று பார்க்க மாட்டார். மறுவிற்பனை மதிப்பு இல்லை என்று நீங்கள் சொல்வது உண்மை. அதனால் கொடுக்கும் பிக்கைத் திரும்பி வராத செலவாகவே எழுதிவிடுங்கள். அப்படி எழுதிய பிறகும் கொடுக்கத் தோன்றினால் அது நல்ல பேரம்.

சில உதாரணங்களைப் பாருங்கள். ஆடம் தீலனை 2023 மார்ச்சில் மினசோட்டா வைக்கிங்ஸ் விடுவித்தது. கரோலினா பேந்தர்ஸுக்குப் போன அவர், 33 வயதில் 103 பந்துகளைப் பிடித்து 1,014 யார்டு எடுத்தார். மைக் எவன்ஸ் 2023இல் 30 வயதைத் தொட்டார். அந்த சீசனில் 1,255 யார்டு, 13 டச்டவுன். டெரிக் ஹென்றி 2024இல் 30 வயதில் பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போய் 1,921 யார்டு ஓடினார். 2025 ஆகஸ்டில் முதுகுவலியால் பயிற்சி முகாமில் வாரக்கணக்கில் பங்கேற்காமல் இருந்தார் மேத்யூ ஸ்டாஃபர்ட். அவரைக் கழித்துக்கட்டியவர்கள் ஏராளம். அந்த சீசனில் 37 வயதில் 46 டச்டவுன் பாஸ்களை வீசினார்.

பிக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிக் கையில் இருக்கும்வரை அதற்குக் காயம் வராது, ஃபார்ம் போகாது. எண்ணமெல்லாம் நம்பிக்கையாகவே இருக்கும். 2020 ரூக்கி டிராஃப்டில் எத்தனையோ லீக்குகள் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேரை முதல் ஆளாக எடுத்தன. என்எஃப்எல் அணிகளின் டிராஃப்டில் கன்சாஸ் சிட்டி முதல் சுற்றில் எடுத்த ரன்னிங் பேக் என்பது ஒன்றே காரணம். ஒரு சீசனில்கூட அவர் 1,000 யார்டு ஓடவில்லை. அதே என்எஃப்எல் டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் போன ஜொனதன் டெய்லர், மறு ஆண்டே 1,811 யார்டு ஓடி என்எஃப்எல்லில் முதலிடம் பிடித்தார். என்எஃப்எல் அணிகளே இதில் சறுக்குகின்றன. 2022இல் டென்னசி டைட்டன்ஸ் ஏ.ஜே. பிரவுனை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டு, கிடைத்த 18ஆவது பிக்கில் டிரேலான் பர்க்ஸை எடுத்தது. பிரவுன் அந்த ஆண்டு 1,496 யார்டு எடுத்தார். பர்க்ஸ் 444. சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்து ஆராயும் அணிக்கே இந்த நிலை என்றால், ஒன்பதாவது பிக்கைப் பொக்கிஷம் போலப் பூட்டிவைக்க வேண்டியதில்லை.

எல்லா முப்பதும் ஒன்றல்ல

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் இன்னொரு எண்ணம், முப்பது என்பதை எல்லா இடத்துக்கும் ஒரே கோடாக வைத்திருப்பது. குவாட்டர்பேக்குக்கு முப்பது நடுவயதுகூட ஆகாது. டாம் பிரேடி 2021இல் 44 வயதில் 5,316 யார்டு வீசினார். நல்ல ரிசீவர்கள் முப்பதைத் தாண்டியும் இரண்டு மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறார்கள். ரன்னிங் பேக்கின் கதை வேறு. ஒவ்வொரு ஆட்டத்திலும் இருபது முறை மோதி விழும் உடல் அது. சரிவு தொடங்கினால் படிப்படியாக வராது. ஒரே கோடையில் எல்லாம் முடிந்துவிடும்.

டால்வின் குக் 2022இல் 1,173 யார்டு ஓடினார். 2023 ஜூனில் வைக்கிங்ஸ் அவரை விடுவித்தது. ஜெட்ஸுக்குப் போனவர் அந்த சீசன் முழுவதும் ஓடியது 214 யார்டு. அப்போது அவருக்கு வயது 28. ரஹீம் மோஸ்டர்ட் 2023இல் 31 வயதில் 21 டச்டவுன் போட்டு எல்லோரையும் வியக்க வைத்தார். மறு ஆண்டு 278 யார்டுடன் நின்றுபோனார். ஜேம்ஸ் கானர் 2024இல் 1,094 யார்டு ஓடியவர். 2025 சீசனின் மூன்றாவது வாரத்திலேயே பாதத்தில் காயம்பட்டு வெளியேறினார். ஹென்றியைக் காட்டி ரன்னிங் பேக் வாங்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஹென்றி விதிவிலக்கு.

ரிசீவருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2014 முதல் 2024 வரை தொடர்ந்து 11 சீசன்களில் 1,000 யார்டைத் தாண்டிய எவன்ஸையும் 2025இல் காயங்கள் முடக்கிவிட்டன. 2023 டிசம்பர் 24ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். பல லீக்குகளில் அது அரையிறுதி வாரம். 29 வயது அமாரி கூப்பர் ஹூஸ்டனுக்கு எதிராக 11 பந்துகளைப் பிடித்து 265 யார்டும் இரண்டு டச்டவுனும் எடுத்தார். அவரை வைத்திருந்தவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே வென்றுவிட்டார்கள். நான்கே நாளில், வியாழக்கிழமை ஆட்டத்தில், குதிகால் காயத்தால் அவர் களமிறங்கவில்லை. அது இறுதிப்போட்டி வாரம். மூத்த வீரரை வாங்கும்போது இந்த இரண்டு வாரங்களையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். அதனால்தான் ஒரே மூத்த வீரருக்கு இரண்டு முதல் சுற்று பிக்குகளைக் கொடுக்காதீர்கள், சிறு விலைக்கு இரண்டு பேரை வாங்குங்கள் என்று எப்போதும் சொல்கிறேன்.

ஆகஸ்ட் வரை பொறுக்கலாமா?

பொறுக்காதீர்கள். பிப்ரவரியில் என்எஃப்எல் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் முடிந்ததும் யாருக்கும் புள்ளி தேவைப்படாத ஆறு மாதங்கள் தொடங்குகின்றன. வீரர்களின் பிறந்தநாள் மட்டும் நினைவில் நிற்கும் காலம் அது. பிப்ரவரி இறுதியில் இண்டியானாபொலிஸில் கல்லூரி வீரர்களை ஓடவிட்டு அளக்கிறார்கள். அன்றிலிருந்து மே மாத ரூக்கி டிராஃப்ட் வரை பேச்செல்லாம் புதுமுகங்களைப் பற்றித்தான். பிக்கின் விலை ஏறுவதும் மூத்த வீரரின் விலை இறங்குவதும் ஒரே காலத்தில் நடக்கிறது. ஆகஸ்டில் முகாம் செய்திகள் வரத் தொடங்கினால், உங்களைப்போலவே கோப்பைக்கு ஆசைப்படும் மற்ற மூன்று நான்கு அணிகளும் அதே ரிசீவரைத் தேடி வருவார்கள். அப்போது உங்கள் கையில் இருக்கும் பிக் ஒரு ரூக்கியின் பெயராக மாறியிருக்கும். அந்தப் பெயர் எல்லோருக்கும் பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் மூவரையும் ஒரே நாளில் வாங்கச் சொல்ல மாட்டேன். ரிசீவரை, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் வேறு அணிகளுக்குப் போகும் ஃப்ரீ ஏஜென்சி மார்ச் நடுவில் தொடங்குவதற்கு முன்பே பேசி முடியுங்கள், அவருக்கு நடப்பு ஒப்பந்தம் இருக்கும் பட்சத்தில். முதலில் இரண்டாம் சுற்று பிக்கும் பெஞ்சில் இருக்கும் உங்கள் 23 வயது ரிசீவரும் என்று தொடங்குங்கள். மறுத்தால் ஒன்பதாவது பிக்கைக் கொடுத்து, பதிலுக்கு அவருடைய மூன்றாம் சுற்று பிக்கையாவது சேர்த்துக் கேளுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம்.

குவாட்டர்பேக் விஷயத்தில் நான்காவது பிக் மிக அதிகம். 37 வயதுக்காரர் வருவாரா, ஓய்வு பெறுவாரா என்று அவர் வாயால் சொல்லும்வரை எதையும் கொடுக்காதீர்கள். பிரேடி 2022 பிப்ரவரி 1 அன்று ஓய்வை அறிவித்து மார்ச் 13 அன்று திரும்பி வந்தார்; இடையில் இருந்த ஆறு வாரங்களில் அவரை வாங்கியவர்களும் விற்றவர்களும் எதை வைத்து விலை பேசியிருக்க முடியும்? அறிவிப்பு வந்த பிறகு இரண்டாம் சுற்று பிக்கைக் கொடுத்துப் பாருங்கள். உடன்படாவிட்டால் விட்டுவிடுங்கள். முப்பதைத் தாண்டிய, பெரிதாகப் பேசப்படாத குவாட்டர்பேக் வேறொருவரின் பெஞ்சில் நிச்சயம் இருப்பார். நான்காவது பிக்கை ரூக்கி டிராஃப்டில் உங்கள் முறை வரும் நேரம் வரை வைத்திருங்கள். அந்தச் சில மணி நேரத்தில்தான் அதற்கு உச்ச விலை கிடைக்கும். நல்ல விலை வராவிட்டால் நீங்களே ஒரு ரன்னிங் பேக்கை எடுத்துக்கொள்ளலாம்.

ஜனவரியில் திருப்பித் தருவது

இதில் உங்களை நிறுத்தியே ஆக வேண்டும். ஒரு வீரரைச் சீசனுக்கு மட்டும் கடன் வாங்கிப் பிறகு திருப்பித் தருவது, இருவரும் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும், பெரும்பாலான லீக் விதிகளில் கூட்டுச்சதியாகவே கருதப்படும். நுழைவுக் கட்டணம் கட்டி விளையாடும் மற்ற பத்துப் பேரும் இரண்டு அணிகளின் பலத்தோடு ஒரே நேரத்தில் மோத வேண்டியிருக்கிறது என்பதுதான் காரணம். வாய்மொழிப் பேச்சு என்பதால் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஜனவரியில் அந்த வீரர் நண்பரிடமே திரும்பப் போகும்போது எல்லோருக்கும் புரிந்துவிடும். பரிமாற்றம் ரத்தாவதோடு, வென்ற பரிசும் பறிபோகலாம். அதே அலுவலகத்தில் மறுநாள் காலை முகம் பார்க்க வேண்டும்.

நீங்கள் பயப்படுகிற ரத்து அதிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பரிமாற்றம் ஏற்றத்தாழ்வாகத் தோன்றுகிறது என்பதற்காக அதை ரத்து செய்வது நல்ல லீக்கின் வழக்கமில்லை. ஒவ்வொருவருக்கும் தம் அணியைத் தம் கணக்குப்படி நடத்த உரிமை உண்டு. கூட்டுச்சதி இருந்தால்தான் கமிஷனர் தலையிட வேண்டும். உங்கள் லீக்கின் விதித்தொகுப்பை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ரத்து செய்வது கமிஷனரா, வாக்கெடுப்பா? கமிஷனரே பரிமாற்றத்தில் ஒரு தரப்பாக இருந்தால் யார் முடிவெடுப்பது? அடுத்த ஆண்டு பிக்கை விற்பவர் அந்த ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டுமா? எதிர்காலத்தை விற்றுவிட்டு லீக்கை விட்டு ஓடுபவர்களைத் தடுக்கவே இந்தக் கடைசி விதியைப் பல லீக்குகள் வைத்திருக்கின்றன. உங்கள் தொகுப்பில் இவை இல்லையென்றால், பேரம் தொடங்குவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பேரம் முடிந்த பிறகு கேட்டால் உங்களுக்காக விதியை வளைப்பதுபோல் ஆகிவிடும்.

உங்கள் நண்பர்

கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள், கவனம் இல்லாத நண்பரிடம் பேரம் பேசுவது தவறா என்று. கேட்டதற்கு மகிழ்கிறேன். பேரம் பேசுவது தவறில்லை. அவருடைய அணி அடிமட்டத்தில் இருக்கிறது. 30 வயது ரன்னிங் பேக் அவருக்குப் பயன்படப் போவதில்லை. விற்பது அவருக்கே நல்லது. ஆனால் இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரின் கைபேசிக்கு ஒரு பரிமாற்றத்தை அனுப்பி, அவர் பார்க்காமலே ஒப்புக்கொள்வார் என்று காத்திருப்பது தவறு. இந்த வீரரை விற்க விரும்புவதாக லீக் முழுவதற்கும் ஒரு வாரம் முன்பே அவரை அறிவிக்கச் சொல்லுங்கள். வேறொருவர் கூடுதலாகக் கொடுத்தால் போகட்டும். இன்னும் இரண்டு ஆண்டுகள் தொடர விருப்பமா என்பதையும் மனம்விட்டுக் கேளுங்கள். தொடர விருப்பமில்லை என்றால் அணியைப் புதியவரிடம் ஒப்படைக்கக் கமிஷனரிடம் பேச வேண்டும். விலகப் போகிறவரிடமிருந்து எதையும் வாங்காதீர்கள்.

விலை என்று வந்தால், அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக்கை இந்த ரன்னிங் பேக்குக்குக் கொடுக்கக் கூடாது. இவரை ஏப்ரல் இறுதியில் நடக்கும் என்எஃப்எல் டிராஃப்டுக்கு முன்பு வாங்கவும் கூடாது. டைலர் ஆல்ஜியர் 2022இல் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்காக 1,035 யார்டு ஓடியவர், இளைஞர்; 2023 டிராஃப்டில் அந்த அணி எட்டாவது பிக்கில் இன்னொரு ரன்னிங் பேக்கான பிஜான் ராபின்சனை எடுத்த இரவிலேயே ஃபேன்டஸியில் ஆல்ஜியரின் மதிப்பு கரைந்துபோனது. இளைஞருக்கே அப்படி என்றால் 30 வயதுக்காரருக்குக் கேட்கவே வேண்டாம். டிராஃப்டின் வெள்ளிக்கிழமை இரவோடு முதல் மூன்று சுற்றுகள் முடிந்துவிடும். சனிக்கிழமை காலை நண்பரை அழையுங்கள். அந்த வீரரின் அணி புதிதாக ரன்னிங் பேக் யாரையும் எடுக்கவில்லை என்றால் உங்களுடைய இந்த ஆண்டு இரண்டாம் சுற்று பிக்கைக் கொடுங்கள். எடுத்திருந்தால் மூன்றாம் சுற்றுக்கு மேல் ஒரு படிகூட ஏறாதீர்கள். இரண்டாம் சுற்று பிக் அதற்குள் ரிசீவருக்கோ குவாட்டர்பேக்குக்கோ போயிருந்தால், அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்று பிக் போதும்.